பத்தொன்பது நிமிடத்தைத் தேடியவர்

“முன்னூத்திப் பன்னெண்டு… இருங்க எழுத்தாளரே, பேசாதீங்க… முன்னூத்திப் பதிமூணு.”

நான் வாயை மூடிக்கொள்கிறேன். காலை ஏழே முக்கால். தெருமுனையில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் காதில் செருகிய பென்சிலுமாக நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் பிளான் அக்கா. கார் என்றால் ஒரு வட்டம். லாரிக்குப் பெருக்கல் குறி. பஸ்ஸுக்கு நீளமாக ஒரு கோடு, அதன் பக்கத்தில் அது திரும்ப எடுத்துக்கொண்ட நேரம். சைக்கிளில் போகிறவர்களுக்கு வெறும் புள்ளிதான். “அவங்க எடத்தயே எடுத்துக்கறதில்ல. புள்ளி போதும்,” என்பார். எட்டரை மணிக்கு நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பிறகுதான் உலகத்தோடு பேச்சு.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தொழில், வீடு கட்ட நினைப்பவர்களுக்கு வரைபடம் போட்டு நகராட்சியில் அனுமதி வாங்கித் தருவது. எங்கள் தெருவில் மட்டுமல்ல, அடுத்த நான்கு தெருக்களிலும் அறை கூட்டினாலும் மாடி ஏற்றினாலும் முதல் கோடு அவர் போட்டதாகத்தான் இருக்கும். அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு வந்த தபால்காரரை, “அப்படி யாரும் இங்க இல்லியே” என்று எதிர்வீட்டுக்காரர்களே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எதையும் காலால் அளப்பார். அவருடைய ஓர் எட்டு சரியாக இரண்டரை அடி. புதுச் செருப்பு வாங்கினால் நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்து, எட்டு மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் அது வாசல் தாண்டும். ஓட்டலுக்குப் போனால் சாப்பாட்டை விடக் கதவைத்தான் அதிகம் கவனிப்பார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருடைய கணவர் இதைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார். “மொதத் தடவ எங்க வீட்டுக்கு வந்தப்ப எல்லாரும் இவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இவ எங்க வாசக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. வெக்கப்படறான்னு எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கேட்டா, கதவு தப்புப் பக்கம் தொறக்குதுங்கன்னு சொல்றா!”

யார் எந்தக் குறை சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “அளந்தாச்சா?” பக்கத்து வீட்டுக்காரன் நம் இடத்தில் சுவர் வைத்துவிட்டான் என்றாலும் அதே கேள்வி. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றாலும் அதே கேள்வி.

*

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காவின் காலடிக் கணக்கில் அதன் நீளம் நானூற்று எண்பது எட்டுகள். அதற்குள் ஐந்து மொழிகள் குடியிருக்கின்றன. சமாதானமாகப் பேசும்போது ஐந்து மொழி. சண்டை வந்துவிட்டால் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவோம். அப்போதுதானே எதிராளிக்குப் புரியும்.

தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டு முகப்பில் தூண் நிறுத்தி, வளைவு வைத்து, அதன் மேல் மாடி எடுத்திருக்கிறார். ஆகவே வெயிலோ மழையோ, தலை நனையாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகலாம். ஆனால் ஒரு வளைவைப் போல இன்னொன்று இருக்காது. ரொட்டிக்கடை வளைவு மேலே கூராக முடியும். அதையடுத்த வீட்டில் அரைவட்டம். அதற்கும் அடுத்ததில் இரும்புப் பூவேலை, துருப்பிடிக்காமல் வருடா வருடம் பச்சை வண்ணம். கடிகாரக் கடையில் வளைவே கிடையாது. செதுக்கிய மரத்தாங்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. புதிதாக ஒருவர் தெருவுக்கு வந்து யாருடைய வீட்டையாவது தேடினால் கதவு எண்ணை யாரும் கேட்பதில்லை. எந்த ஊர்க்காரர், என்ன பாஷை என்று கேட்டுவிட்டு வளைவைக் காட்டிவிடுவார்கள்.

இந்த அழகுக்கு நடுவில்தான் நெரிசல். பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் பஸ் திரும்புகிறது. எட்டு மணிக்கு மேல் தெரு இறுகிக்கொள்ளும். முன்னால் போனவர் பின்னால் வருகிறவரைத் திட்ட, பின்னால் வருகிறவர் ஹாரனைத் திட்ட, பத்து மணி வரைக்கும் ஒரே கச்சேரி.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கடிகாரக்காரர் தன் கடைக்குள்ளேயே சுருண்டு விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கூப்பிட்ட சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. கடைக்கு வந்து சேரவில்லை. முன்னால் பஸ், அதற்கு முன்னால் லாரி, நடுவில் நாங்கள் எல்லோரும். பத்தொன்பது நிமிடம். அவருடைய மனைவி, கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஓடிய அத்தனை கடிகாரங்களையும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை விரல்களால் இடுக்கியைப் பிடிக்க முடியாது. கடிகாரக்காரருக்கு அது இல்லை என்றால் என்ன இருக்கிறது?

*

அதன் பிறகு நகராட்சி விழித்துக்கொண்டது. சாலையை அகலப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டு பக்கமும் ஆறடி. அதாவது தூண்கள், வளைவுகள், நடைபாதை எல்லாம் போகும். மொட்டை முகத்தோடு வீடுகள் நிற்கும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். மாவு ஒட்டிய கையைத் துடைக்கக்கூட இல்லை. “எங்க தாத்தா கப்பல விட்டு எறங்கி இங்க வந்து, வீடு கட்டறதுக்கு முன்னாடியே அந்த வளைவக் கட்டினாரு. நாங்க யாருன்னு நாலு பேருக்குச் சொல்றது அது ஒண்ணுதான். அத இடிச்சிட்டா நான் வெறும் ரொட்டி விக்கறவன்,” என்றார். அவர் உட்காருவதற்குள், எங்களுடையது அதைவிடப் பழசு என்று ஒருவர் எழுந்தார். பழசாக இருந்தால் விரிசலும் இருக்குமே, உங்கள் பக்கத்தை மட்டும் இடிக்கட்டும் என்று இன்னொருவர். அரை மணி நேரத்தில் ஐந்து மொழியும் ஒரே மொழியாகிவிட்டது.

கடைசி வரிசையில் இருந்த கடிகாரக்காரர் இடது கையைத் தூக்கினார். மண்டபம் அடங்கியது.

“இடிக்கட்டும்,” என்றார். இப்போதெல்லாம் அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். “என் கட முன்னாடி இருக்கற பறவயெல்லாம் எங்க பாட்டன் செதுக்கினதுதான். அன்னிக்குத் தரையில படுத்துக்கிட்டு அதயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பத்தொம்பது நிமிஷம். போதும். இடிக்கட்டும்.”

அவரிடம் போய்ப் பரம்பரை, பெருமை என்று எந்த முகத்தோடு பேசுவது? அப்போதுதான் பிளான் அக்கா எழுந்து நேராக அவரிடம் போனார். மேடையைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, அந்தப் பத்தொம்பது நிமிஷம் எங்க போச்சுன்னு யாராவது அளந்தாங்களா?”

“தெரு குறுகல். அதான் போச்சு.”

“அது நெனப்பு. அளக்கல. எனக்கு நாப்பது நாள் குடுங்க. எங்க தொலஞ்சிச்சுன்னு தேடிக் கொண்டாந்து தர்றேன். அதுக்கப்புறம் இடிக்கணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க இடிக்கணும்னா நானே மொத ஆளா வந்து கையெழுத்துப் போடறேன்.”

கடிகாரக்காரர் தலையசைத்தார்.

*

அப்போது தொடங்கியதுதான் இந்த நோட்டு. விடிந்து வெயில் ஏறுவதற்குள் முனையில் நின்றுவிடுவார். ஒரு வாரம் பெரிய சாலை முனை. ஒரு வாரம் பள்ளிக்கூட வாசல். அடுத்த வாரம் ரொட்டிக்கடை எதிரில். எந்த வண்டி எங்கே நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது. தூரத்தைக் காலால் அளந்து எழுதிக்கொள்வார். சரக்கு இறக்கும் லாரிக்காரர்கள் முதலில் அவரை வாடகை வசூலிக்க வந்தவர் என்று நினைத்துப் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள், வந்ததும் வண்டி நீளத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழை பெய்த நாளிலும் நின்றார். காய்ச்சலோடு இரண்டு நாள் நின்றார். “உக்காந்து எண்ணக் கூடாதாக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன். “உக்காந்தா ரெண்டாவது வரிச மறைக்குது,” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இருபத்து மூன்றாவது நாள் மாலை, நான் கீழ்ப்பக்கம் மடித்துத் தைக்க வேண்டிய பேண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீடு தெருமுனை வீடு. அதன் முன்னறையில் பாதி அவருடைய வரைமேசை. மறுபாதி அவருடைய நாத்தனாரின் தையல் மிஷின். கணவர் இறந்த பிறகு, பதினாறு வருடங்களுக்கு முன் அந்த மிஷினோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவர் நாத்தனார். மூலையில் இருந்த பெரிய ஜன்னலின் வெளிச்சம் இரண்டு பேருக்கும் பொது. அந்தத் தெருவில் அவ்வளவு வெளிச்சமான அறை வேறு கிடையாது.

என் பேண்ட் நாத்தனார் மடியில். ஒரு கால் மடித்துத் தைத்தாகிவிட்டது. அக்கா வரைமேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

“நெரிசல் தெருவில இல்ல. தெரு போதும். நெரிசல் திருப்பத்தில. நீள பஸ் ஒரே தடவயில திரும்ப முடியல. முன்னாடி போயி, பின்னாடி வந்து, மறுபடி முன்னாடி போவுது. அதுக்குள்ள பின்னாடி இருபது வண்டி வந்து சேந்துடுது. அது அவிழ இருபது நிமிஷம். அன்னிக்கு ஆம்புலன்ஸ் நின்னது அங்கதான்.”

“அப்ப பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க.”

“பஸ் இல்லாம பள்ளிக்கூடத்துக்கு யாரு போவா? அடுத்த தெரு இதவிடக் குறுகல். சின்ன பஸ் விடச் சொல்லி மூணு தடவ போயிட்டு வந்துட்டேன். இல்லன்னுட்டாங்க. ஒரு மூலைய வெட்டினாப் போதும். தெருவில ஒரு தூணக்கூடத் தொட வேணாம்.”

நாத்தனார் ஊசியை நிறுத்தினார். “எந்த மூல?”

அக்கா காகிதத்தைத் திருப்பி வைத்தார். நாத்தனாருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். அந்த வீட்டில் பதினாறு வருடம் இருந்தால் பூனைக்கும் தெரிந்துவிடும். சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நம்ம மூல.”

“ஆமா.”

“இந்த ரூமு.”

“ஆமாம்மா. மூல போனா நடபாத உள்ள தள்ளி வரணும். அது இந்த ரூமு வழியாத்தான் வரும்.”

“தெருவில இத்தன வீடு இருக்கு அண்ணி. பஸ்ஸுக்கு நம்ம வீடுதான் கெடச்சுதா? நீங்க வரஞ்சு காட்டலன்னா இது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். பேண்ட்டை மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டினார். “மிச்சத்த உங்க அக்காகிட்டயே தச்சுக்கங்க. அளவெல்லாம் அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக அந்தப் பேண்ட் அங்கேயே தொங்கியது. நாத்தனார் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டும் என்றாலும் அண்ணன் வழியாகத்தான் செய்தி. அக்காவின் கணவர் இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்துவிட்டார். அவருக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு நாள் கேட்டேன். லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடியே சொன்னார்: “வீடு வாங்கறப்ப அவதான் அளந்தா. இடிக்கறப்பவும் அவதான் அளக்கணும். வேற யாரு அளந்தாலும் எனக்கு நம்பிக்க வராது.”

அக்கா மிச்சப் பதினேழு நாளும் முனையில் போய் நின்றார். முடிவு கையில் இருக்கும்போது எதற்கு இன்னும் எண்ண வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். “தப்பாப் போயிடணும்னுதான் எண்ணினேன் எழுத்தாளரே. அந்தப் பதினேழு நாளும் ஒவ்வொரு பஸ்ஸையும் பாத்து, இதாவது ஒழுங்காத் திரும்பிடாதான்னு நின்னுக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் திரும்பல.”

*

நகராட்சிப் பொறியாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். நோட்டை முழுவதும் புரட்டிப் பார்த்தார். பிறகு, “காகிதத்துல எல்லா பஸ்ஸும் திரும்பும்மா,” என்றார்.

“அப்ப தரையில காட்டட்டுமா?”

அவர் சிரித்தபடி தலையாட்டிவிட்டார். அக்கா அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் எங்கள் தெருமுனை அச்சு அசலாக, அதே அளவில் எழுந்தது. அதிகாலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் கோடு போட்டிருந்தார். சுவர் இருக்க வேண்டிய இடங்களில் காலி டிரம்கள். டிரம் போதவில்லை. எதிர்ப்பக்க வரிசைக்கு ஆட்கள் நின்றார்கள். அவரவர் வீட்டுத் தூண் இருக்கும் இடத்தில் அவரவர். ரொட்டிக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்தால் மேலே கூரான வளைவே தெரிந்தது.

எங்கள் தெரு வழி பஸ் ஓட்டுநர் பணிமனையில் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கி வண்டியைக் கொண்டு வந்திருந்தார். “தெனமும் இருபத்தெட்டுத் தடவ அந்த மூலயில எங்கம்மாவ எல்லாரும் விசாரிக்கறாங்க. இதுக்கு ஒரு முடிவு வரும்னா நான் ஞாயித்துக்கிழம என்ன, எந்தக் கிழமயும் வர்றேன்,” என்றார். கடிகாரக்காரருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. இடது கையில் நிறுத்து கடிகாரம்.

முதலில், இப்போது இருக்கிறபடியே மூலை. பஸ் வந்தது, ஒடித்தது, நின்றது, பின்வாங்கியது, மறுபடி ஒடித்தது, மறுபடி பின்வாங்கியது. ஓட்டுநர் வியர்த்துப்போனார்.

“ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு,” என்றார் கடிகாரக்காரர். “பின்னாடி ஒரு வண்டியும் இல்லாம.”

பிறகு அக்கா மூலை டிரம்மைச் சாய்த்துத் தானே உருட்டினார். இரண்டு பக்கமும் ஒன்பது அடி அளந்து, குறுக்கே கோடு போட்டு, டிரம்களை அந்தக் கோட்டில் நிறுத்தினார். உதவிக்குப் போனவர்களைக் கையால் தடுத்துவிட்டார்.

பொறியாளர் கிட்டே வந்தார். “இது யாரு வீடும்மா?”

“எங்க வீடு.”

தூண்களாக நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எந்த மூலையை வெட்டப் போகிறார் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

பஸ் மறுபடி வந்தது. ஒரே வீச்சில் திரும்பிப் போய் மைதானத்தின் அந்தப் பக்கம் நின்றது. அவ்வளவுதான். கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

“பதினோரு செகண்டு,” என்றார் கடிகாரக்காரர். கடிகாரத்தை மறுபடி பார்த்தார். காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, “பதினோரு செகண்டு” என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொன்னார். அக்கா அவர் அருகில் போய் நின்றார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. இடிக்கணுமா?”

“உன் வீடு போவுதேம்மா.”

“அதக் கேக்கல. வளைவெல்லாம் இடிக்கணுமா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“ஒம்பது அடின்னு யாரு சொன்னது?”

எல்லோரும் திரும்பினோம். பள்ளிக்கூட வாசலில் நாத்தனார், கழுத்தில் அளவு நாடாவோடு. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாரோ, தெரியாது. விறுவிறுவென்று வந்து டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நான்தான்,” என்றார் அக்கா.

“பஸ்ஸுக்கும் டிரம்முக்கும் நடுவில இம்மாம் எடம் சும்மாக் கெடக்குது. துணி வெட்டறப்ப இப்படி வீணாக்கினா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். தள்ளுங்க அண்ணி.”

அவர் அண்ணியிடம் பேசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாடாவை நீட்டினார். அக்கா மறுமுனையைப் பிடித்தார். எட்டரை அடியில் பஸ் திரும்பியது. எட்டேகால் அடியிலும் திரும்பியது. எட்டடிக்கு நெருக்கியபோது பின்சக்கரம் டிரம்மை உரசித் தள்ளிவிட்டது. “ரெண்டு இஞ்சு விடுங்க,” என்றார் நாத்தனார். எட்டடி இரண்டு அங்குலம். ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடித்தார். பஸ் போய்விட்டது. உறுதிக்கு இன்னும் மூன்று தடவை ஓட்ட வைத்தார் நாத்தனார். அனுமதித்த ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

“எழுதிக்கங்க சார்,” என்றார் பொறியாளரிடம். “எட்டடி ரெண்டு. ஒரு இஞ்சு கூட எடுத்தீங்கன்னா நான் நகராட்சிக்கே வந்துடுவேன்.”

மறுநாள் காலை என் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு பொட்டலம் இருந்தது. பேண்ட். இரண்டு காலும் ஒரே நீளம்.

*

அனுமதி வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அக்கா நகராட்சிக்கு எத்தனை தடவை நடந்தார் என்று கேட்டால், தடவையைச் சொல்ல மாட்டார், எத்தனை எட்டு என்றுதான் சொல்வார். கடைசியில் அகலப்படுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. மூலை மட்டும் வெட்டப்பட்டது. இடிக்க ஆள் வருவதற்கு முதல் நாள் அண்ணியும் நாத்தனாருமாகப் பெரிய ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிக் கொல்லைப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். இருவரும் அப்போது பேசிக்கொண்டது ஜன்னல் கண்ணாடி உடையாமல் பிடிப்பதைப் பற்றி மட்டும்தான்.

இப்போது நடைபாதை அந்த முன்னறை வழியாகப் போகிறது. தரையில் பழைய ஓடுகள் அப்படியே இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வருகிறவர்களும் அக்காவின் வரைமேசை நின்ற இடத்தை மிதித்துக்கொண்டு போகிறார்கள். அறையில் மிஞ்சியது ஒரு முக்கோணத் துண்டு. நாத்தனார் மிச்சப்படுத்திய பத்து அங்குலம் இல்லையென்றால் அதற்குள் தையல் மிஷின் நுழைந்திருக்காது. அக்கா சாப்பாட்டு மேசையில் வரைகிறார். சாப்பாட்டு நேரத்தில் அரை வீட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் தட்டு வைக்க முடியும். மதியத்துக்கு மேல் அங்கே வெளிச்சம் போதாது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. புதுக்கண்ணாடி போட்டிருக்கிறார் என்பதை மட்டும் கவனித்தேன். கணவர் தேய்த்துக் கொடுத்த லென்ஸ்.

வெட்டிய மூலையில் மாடியைத் தாங்க ஒரு புதுத் தூண் வைக்க வேண்டியிருந்தது. தெரு மறுபடி கிளம்பிவிட்டது. எங்களுக்காக வீட்டையே கொடுத்தவர், ஆகவே எங்கள் பாணியில்தான் தூண் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் வந்து நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் தன் செலவிலேயே கூரான வளைவு வைத்துத் தருவதாகச் சொன்னார். இரும்புப் பூவேலை வீட்டார் பூ மாதிரியோடு வந்தார்கள். கடிகாரக்காரரின் மனைவி, இடது கையால் தன் கணவர் வரைந்த ஒரு கோணல் பறவையைக் கொண்டு வந்து காட்டினார். அக்கா எல்லோருக்கும் உட்கார இடம் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கோடுகூட இல்லாத, உருண்டையான, வெறும் தூண் ஒன்றை வரைந்து கொத்தனாரிடம் கொடுத்துவிட்டார்.

“இது யாரு பாணிக்கா?” என்று கேட்டேன்.

“பாணியெல்லாம் இல்ல. தாங்கணும். அதுக்கு அதுதான் வேல.”

பஸ் இப்போது பதினோரு வினாடியில் திரும்புகிறது. புது ஓட்டுநர் என்றால் பதினான்கு. ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெரு இன்னும் இறுகுகிறது. இதை நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் எச்சரித்தார்: “நெரிசல் போயிடுச்சுன்னு எழுதிடாதீங்க. கொறஞ்சிருக்கு. எவ்ளோன்னு நோட்டுல இருக்கு, பாத்து எழுதுங்க. பள்ளிக்கூட வாசலுக்கு வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” அந்த யோசனை என்ன என்று கேட்டதற்கு, அளந்த பிறகு சொல்கிறேன் என்றுவிட்டார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் இப்போதெல்லாம் அவரைக் கண்டால் தன் மதில்சுவரைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.

சென்ற திங்கட்கிழமை அந்த முன்னறை நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். யாரோ வீட்டுச் சமையலறையின் ஜன்னல் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார். பெரிய சாலையிலிருந்து நீள பஸ் திரும்பத் தொடங்கியிருந்தது. இரண்டு எட்டு எடுத்து வைத்து, அதிர்கிறதா என்று பார்ப்பதுபோல் அந்தத் தூணின் மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸின் பின்சக்கரம் வெட்டிய மூலையை ஒட்டி உருண்டு போனது. சத்தம் தெருவுக்குள் போய்த் தேய்ந்து, ரொட்டிக்கடை தாண்டி, இல்லாமலும் போய்விட்டது. அவர் கையை எடுக்கவில்லை. விரல்களை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்துக்கொண்டார்.